சோறு போட்டால் கணக்குத் தீர்ந்ததா?

பாகூர் ஏரிப் பக்கம் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு பெண். வயது 18. பிளஸ் டூ தேறிவிட்டாள். மேலே படிக்க ஆசை. தாய் நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவள். கல்லூரியோ புதுச்சேரியில் இருக்கிறது. தினமும் போய் வரப் பணமும் வேண்டும், நேரமும் வேண்டும்.

வில்லியனூரில் சித்தி இருக்கிறாள். சித்தியும் சித்தப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"அக்கா, பெண்ணை என்கிட்டே அனுப்பிடு. என் வீட்டிலே இருந்து படிக்கட்டும். குழந்தைகளுக்கும் ஒரு துணையாச்சு. சோறு, துணி, படிப்பு எல்லாம் என் பொறுப்பு. கல்யாணத்துக்கும் நல்லபடியா செய்யறேன்" என்கிறாள் சித்தி.

தாய்க்குக் கண் கலங்குகிறது. "உனக்குப் புண்ணியம் உண்டு, தங்கச்சி" என்கிறாள்.

பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு இது புதிது அல்ல. தமிழ் பேசும் ஊர்களில் எல்லாம் பழகிப்போன ஏற்பாடுதான். ஏற்பாடு நல்லது. ஒரு பெண் படிக்கிறாள். ஒரு வீட்டுக் குழந்தைகளுக்குத் துணை கிடைக்கிறது. உறவும் பலப்படுகிறது.

ஆனால், இந்த ஏற்பாட்டில் ஒன்று குறைகிறது.

அதுதான் கணக்கு!

மூன்று ஆண்டுக்குப் பிறகு

மூன்று ஆண்டு ஓடுகிறது. பெண் பட்டம் வாங்கிவிட்டாள். வரன் வருகிறது. அக்காள் தங்கை வீட்டுக்கு வருகிறாள்.

"நீ சொன்னியே, நல்லபடியா செய்யறேன்னு?"

"செய்யறேன் அக்கா. ஒரு மோதிரம் போடறேன்."

அக்காளின் முகம் சுருங்குகிறது. அவள் மனத்தில் இருந்தது ஐந்து பவுன். மூன்று வருஷம் தன் மகள் விடியற்காலையில் எழுந்து பாத்திரம் துலக்கியது அவள் கண் முன் வருகிறது.

தங்கையின் மனமும் புண்படுகிறது. மூன்று வருஷம் போட்ட சோறு, எடுத்த துணி, கட்டிய பரீட்சைப் பணம் எல்லாம் அவள் கண் முன் வருகின்றன.

இருவரில் யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. யார் ஏமாற்றினார்கள்? யாரும் ஏமாற்றவில்லை.

"நல்லபடியாக" என்ற ஒரு சொல்தான் இருவரையும் ஏமாற்றிவிட்டது. அந்தச் சொல்லுக்கு எடை கிடையாது. ஒரு பவுன் என்றால் 8 கிராம். "நல்லபடியாக" என்றால் எத்தனை கிராம்?

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். அக்காளும் தங்கையும் அழுகிறார்கள். கணக்கு மட்டும் தீரவில்லை.

பிரான்சு நாட்டில் எப்படி?

புதுச்சேரிக் கிராமங்களுக்குப் பிரான்சு தூரத்து நாடு அல்ல. 1962-ஆம் ஆண்டு புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்மாரும் இன்று பிரான்சில் வாழ்கிறார்கள்.

அங்கேயும் இதே போன்ற ஒரு வழக்கம் இருக்கிறது. வேறு நாட்டிலிருந்து ஓர் இளம் பெண்ணோ, பையனோ ஒரு குடும்பத்தில் வந்து தங்குவார்கள். மொழி படிப்பார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். சின்னச் சின்ன வீட்டு வேலை செய்வார்கள். இப்படித் தங்குவோரை "ஓ பேர்" என்று அழைப்பார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்குச் "சரிசமமாக" என்று பொருள். அவர்கள் அந்த வீட்டு வேலைக்காரரும் அல்ல. சும்மா தங்கிப்போகும் விருந்தாளியும் அல்ல.

அங்கேயும் முன்பு தகராறு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விதி எதற்கு? 1969 நவம்பர் 24-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடி இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்தன.

அதில் என்ன சொன்னார்கள்?

குடும்பமும் வருகிறவரும் தங்களுக்குள் பேசியதை எழுதி வைக்க வேண்டும். முடிந்தவரை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எழுத வேண்டும். வேலை நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. படிக்க நேரம் விட வேண்டும். சாப்பாடு, தங்க இடம் போக, கைச்செலவுக்குப் பணமும் கொடுக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை முன்பே பேசிவிட வேண்டும்.

பிரான்சு பிறகு இன்னும் தெளிவாக விதி செய்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து வந்த விதிப்படி, வேலை வாரத்துக்கு 25 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். கைச்செலவுப் பணம் மாதம் குறைந்தது 320 யூரோ என்று வைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது யூரோவை அல்ல. சோறு வேறு, கைச்செலவு வேறு என்று பிரித்தார்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும். சோறு போட்டதால் பணம் தர வேண்டியது இல்லை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

பாகூர் காட்டிய வழி

"எழுதி வைப்பது வெள்ளைக்காரன் பழக்கம். நமக்குச் சரிப்படாது" என்று சொல்வோர் உண்டு.

அப்படிச் சொல்வோர் பாகூர்ச் செப்பேட்டை நினைத்துப் பார்க்கட்டும்.

9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு கல்விச்சாலை நடந்தது. அதற்காக மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்தார்கள். "கொடுத்தோம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. செப்புத் தகட்டில் எழுதி வைத்தார்கள். ஊர்களின் எல்லையைக்கூட வெட்டி வைத்தார்கள்.

ஏன்? கொடுத்தவர்கள் மனம் மாறலாம். காலம் மாறலாம். படிக்க வந்தவர்களின் வயிறு அதனால் காயக்கூடாது!

இன்று செப்புத் தகடு வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்.

என்ன செலவு ஆகும்?

பெண்ணை அழைத்து வரும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். "இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடலாம்" என்பது நல்ல மனம். ஆனால் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் நல்ல மனத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஒரு மாதிரிக் கணக்கு இதோ. வீட்டுக்கு வீடு தொகை மாறும்.

சாப்பாட்டுக்கு 2,500 ரூபாய். சோப்பு, எண்ணெய், பெண்களின் மாதத் தேவை 400 ரூபாய். பஸ்ஸுக்கு 600 ரூபாய். செல்போனுக்கு 300 ரூபாய். துணிமணிக்கும் வைத்தியத்துக்கும் மாதா மாதம் எடுத்து வைப்பது 700 ரூபாய். பெண்ணின் கைச்செலவுக்கு 2,500 ரூபாய். அவள் பெயரில் சேமிப்பு 500 ரூபாய்.

மொத்தம் மாதம் 7,500 ரூபாய். ஆண்டுக்கு 90,000 ரூபாய்!

கல்லூரிக் கட்டணம் இதில் சேரவில்லை. அதை யார் கட்டுவது? சித்தியா, தாயா, பாதிப் பாதியா? இதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

இந்தத் தொகை தாங்காது என்றால் என்ன செய்வது? அழைக்கக் கூடாது. அல்லது, தாங்கும் அளவுக்கு மட்டும் பேச வேண்டும். "பஸ் செலவை அக்கா பார்த்துக்கொள்ளட்டும்" என்று முதல் நாளே சொல்வதில் வெட்கம் இல்லை. ஒத்துக்கொண்டுவிட்டு, ஆறாம் மாதத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்தான் வெட்கம் இருக்கிறது.

வேலைக்கும் அளவு வேண்டும்

பணத்துக்கு அளவு வைத்தால் போதாது. வேலைக்கும் வைக்க வேண்டும்.

படிக்கிற பெண் நாளைக்கு மூன்று மணி நேரம் வீட்டுக்கு உதவலாம். காலையில் குழந்தைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவது. மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பது. ராத்திரிச் சமையலுக்குக் கை கொடுப்பது. அவ்வளவுதான்.

கைச்செலவுக்கும் சேமிப்புக்கும் மாதம் 3,000 ரூபாய் என்பது அதிகமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. நாளைக்கு 3 மணி வீதம் மாதம் 26 நாள் என்றால் 78 மணி நேரம். 37 ரூபாய் வீதம் 2,886 ரூபாய் ஆகிறது. அதுவும் 2018-ஆம் ஆண்டு விலைவாசிக்கு! புதுச்சேரி வேறு பிரதேசம்தான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு உதவும்.

வேலை காலை முதல் இரவு வரை நீளுகிறதா? படிப்புக்கு நேரமே இல்லையா? அப்படியானால் அவள் படிக்க வந்த பெண் அல்ல. வேலைக்கு வந்த பெண். அவளுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். "அக்கா மகள்" என்ற சொல்லால் சம்பளத்தை மூடி மறைக்கக் கூடாது.

ஓய்வு நாளும் வேண்டும். 2011-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த உடன்படிக்கை, வீட்டு வேலை செய்பவருக்கும் வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம் செய்வது பற்றி ஆராயும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. சட்டம் வரும்போது வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வாரா வாரம் வருகிறதே! அன்று அவளை விட்டுவிடலாம் அல்லவா?

வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் என்றால் வீடு நிறைய விருந்தாளிகள் வருவார்கள். வேலை இரண்டு மடங்கு ஆகும். அன்று ஓய்வு தர முடியாதுதான். அதற்குப் பதில் வேறொரு நாள் கொடுங்கள். கையில் ஒரு நூறு ரூபாயும் சேர்த்துக் கொடுங்கள். அவளும் தேர்க் கடையில் வளையல் வாங்க வேண்டாமா?

பணம் யார் கையில்?

கைச்செலவுப் பணத்தை யாரிடம் கொடுப்பது? பெண்ணிடமா, தாய் தகப்பனிடமா?

பெண்ணிடம்தான்!

18 வயது நிரம்பியவள் அவள். அவள் பெயரில் பாங்கிலோ, தபால் ஆபீசிலோ ஒரு கணக்குத் தொடங்குங்கள். மாதம் முதல் வாரத்தில் பணத்தை அதில் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

தபால் ஆபீசில் ஐந்து ஆண்டுத் தொடர் சேமிப்பு உண்டு. மாதம் 100 ரூபாய் இருந்தாலே சேரலாம். மாதம் 500 ரூபாய் போட்டால் 60 மாதத்தில் போட்ட பணம் மட்டும் 30,000 ரூபாய். வட்டி தனி. படிப்பு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். மீதி இரண்டு ஆண்டுப் பணத்தை அவளே சம்பாதித்துக் கட்டட்டும்.

"கல்யாணத்துக்குச் செய்கிறேன்" என்ற வாக்கைவிட இந்தப் பாஸ் புத்தகம் மேல். வாக்கு வளராது. பாஸ் புத்தகம் மாதா மாதம் வளரும்.

நகைதான் போட வேண்டும் என்று ஆசையா? போடுங்கள். ஆனால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுங்கள். வருஷா வருஷம் வாங்கி அவள் கையில் கொடுத்துவிடுங்கள். பவுன் விலை ஏறுகிறது. மூன்றாம் வருஷம் மொத்தமாக வாங்குவது கொடுப்பவருக்கும் கஷ்டம்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதன் பெயர் அட்வான்ஸ்.

"மாப்பிள்ளை, ஒரு முப்பதாயிரம் கொடுங்க. பெண் உங்க வீட்டிலே இருந்து கழிச்சுடுவா" என்று தகப்பன் கேட்கலாம். கொடுக்காதீர்கள்! கடனுக்காக ஓர் ஆளை வேலையில் கட்டி வைப்பது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. உறவுக்காரர் என்பதால் அது சரியாகிவிடாது. உதவ வேண்டும் என்றால் தகப்பனுக்குத் தனியாகக் கடன் கொடுங்கள். அதைத் தகப்பன் அடைக்கட்டும். மகளின் கைகள் அடைக்க வேண்டாம்.

வயது விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பதை 2006 அக்டோபர் 10 முதல் அரசு தடுத்துவிட்டது. அந்த வயதுப் பிள்ளை உறவினர் வீட்டுக்கு வந்தால் பள்ளிக்குப் போகத்தான் வர வேண்டும்.

காணாமல் போன 500 ரூபாய்

ஒரு நாள் அலமாரியில் வைத்த 500 ரூபாயைக் காணவில்லை.

வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் எல்லாருடைய பார்வையும் ஒருத்தி மேல்தான் போகிறது. யாரும் வாய் திறந்து கேட்பது இல்லை. கேட்கவே வேண்டாம். பார்வை போதும்!

மறுநாள் துணி துவைக்கும்போது சித்தப்பாவின் சட்டைப்பையில் அந்த நோட்டு இருக்கிறது. எடுத்துக் கொடுப்பதும் அந்தப் பெண்தான். எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முந்திய இரவு தலையணை நனைய அழுதவள் அவள்.

இதற்கும் மருந்து அதே நாற்பது பக்க நோட்டுத்தான். கடைக்கு எவ்வளவு கொடுத்தோம், என்ன வாங்கியது, மீதி எவ்வளவு என்று அன்றாடம் எழுதட்டும். அவள் மட்டும் அல்ல, வீட்டில் பணம் எடுக்கிற எல்லாரும் எழுத வேண்டும். சித்தப்பாவும் எழுத வேண்டும்!

கணக்கு நோட்டு ஏழையைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. ஏழையைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுவதற்காக.

தம்ளர் உடைந்தால் கைச்செலவில் பிடிக்காதீர்கள். சொந்த மகள் உடைத்தால் பிடிப்பீர்களா?

பெண்ணுக்கும் கடமை உண்டு. ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். விட்டுப் போவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். சித்தி கையில் பணம் இல்லாத மாதத்தில் அதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் சித்தியும் அந்த மாதப் பாக்கியை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

"மகளைப்போல வைத்திருக்கிறோம்"

"நாங்கள் அவளை மகளைப்போல வைத்திருக்கிறோம். மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?" என்று சிலர் கேட்பார்கள்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சொந்த மகள் பசித்தால் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொள்வாள். இவள் அழைக்கும் வரை காத்திருப்பாள். சொந்த மகள் "எனக்குச் செருப்பு வேணும்" என்று அடம் பிடிப்பாள். இவள் அறுந்த வாரை ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வாள். சொந்த மகளுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. இவளுக்குக் கூச்சம்தான் இருக்கிறது.

கேட்கக் கூச்சப்படுகிறவளுக்குக் கேட்காமலே கொடுக்க ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் மாதக் கைச்செலவு. அது உறவுக்கு விலை அல்ல. உறவுக்குள் ஓர் ஏழைப் பெண்ணின் மானத்துக்குப் போடும் வேலி.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. பாசம் இல்லாதவர்கள் சொன்ன சொல் அல்ல இது. பாசம் கெட்டுப் போகாமல் இருக்க வழி கண்டவர்கள் சொன்ன சொல்.

ஆகவே, பெண் பெட்டியோடு வாசற்படி ஏறும் அன்றே நோட்டைத் திறந்துவிடுங்கள். அக்காளும் தங்கையும் எதிர் எதிரே உட்காருங்கள். பெண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேலை எவ்வளவு, ஓய்வு எந்த நாள், கைச்செலவு எவ்வளவு, கல்லூரிப் பணம் யார் பொறுப்பு என்ற நான்கு வரிகளை எழுதுங்கள். எழுதுவது அந்தப் பெண்ணாகவே இருக்கட்டும். படித்த பெண் அல்லவா! மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று ஆண்டு கழித்து வரன் வரும்போது, அக்காள் தங்கை வீட்டுக்கு வருவாள். அன்று பேச மோதிரமும் பவுனும் மிச்சம் இருக்காது. பெண்ணின் கையில் பாஸ் புத்தகம் இருக்கும்.

அக்காளும் தங்கையும் கல்யாணத்துக்கு என்ன சமையல் என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கலாம்.